மாமா தலைமுழுகிய ஞாயிறு

எங்கள் தாத்தா ஒரே ஆள்தானா என்பதில் எனக்கு ஏழு வயது வரைக்கும் சந்தேகம் இருந்தது. காலையில் தெமோதரைச் சரிவில் கோவா என்கிற முட்டைக்கோசுப் பாத்திக்கு மண் அணைக்கும்போது சாதுவான சம்சாரி. வீட்டுக்குள் வந்தால் சிப்பாய்; பர்மாவுக்குப் போன பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவர் என்பதால், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட அதட்டலாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பாப்டிஸ்ட் உபதேசியாராகிவிடுவார். மூவரில் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் வாயைத் திறந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

உபதேசியார்த் தாத்தாவின் சபையில் தண்ணீர் தெளிக்கிற வேலை கிடையாது. மனந்திரும்பிய ஆள் சரிவுக்குக் கீழே ஓடும் ஆறான ஓயாவில் இறங்கித் தலை மறைய முழுகி எழ வேண்டும். அப்பா எப்போதோ முழுகிவிட்டார். அம்மா மட்டும் திருநீறு பூசிக்கொண்டு பிடிகொடுக்காமல் இருந்தாள். எனக்கு வந்த விஷக் காய்ச்சலில் தாத்தா மூன்று நாள் முழங்காலில் நின்று ஜெபித்தார். நான் கண் திறந்த அன்று அம்மா சரியென்று சொல்லிவிட்டாள்.

சேதி மடுல்சீமைக்குப் போனது. அங்கே கங்காணியாக இருந்த மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், ஒரு பகல் முழுக்க நடந்து வந்தார். தாயும் தகப்பனும் இல்லாத அம்மாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். போட்டுக்கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நீ ஓயாவுல எறங்குற அன்னிக்கே நாங்க தலைமுழுகிருவோம் தங்கச்சி" என்றார். சொல்லும்போதே அழுதார். அம்மாவும் அழுதாள்.

தாத்தாவின் கூட்டங்களில் மனந்திரும்புகிறவர்கள் இப்படித்தான் அழுவார்கள். ஆகவே மாமாவும் மனந்திரும்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன். பிறகு ஏன் என்னைத் தூக்கிக் கொஞ்சாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார் என்பது மட்டும் இடித்தது.

பாத்தியில் நின்ற தாத்தாவிடம் ஓடினேன். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போன மனிதர். நல்ல காதுப் பக்கமாகப் போய், "தாத்தா, மாமா வீட்டுலயும் எல்லாரும் முழுகப் போறாங்களாம்" என்று கத்தினேன். முழுகினால் தலையும் சேர்ந்துதானே முழுகும், அதைத் தனியாகச் சொல்வானேன் என்று அந்த ஒரு சொல்லை நானே விட்டுவிட்டேன். தாத்தா மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சேற்றிலேயே முழங்காலிட்டார். அம்மாவிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கர்த்தர் செய்கிற வேலையைக் கிளறிப் பார்க்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கரையில் வெள்ளைச் சேலையில் அம்மா. இறங்கு என்று உத்தரவு வரும் என்று பார்த்தால் வரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க. மடுல்சீமைக்காரங்க வந்துரட்டும்" என்றார் தாத்தா.

"யாரு?" என்றாள் அம்மா.

"ஒன் அண்ணன் வீட்டு ஆளுங்கதான். எல்லாரும் முழுக வர்றாங்களாம். புள்ள சொல்லுச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். சின்னப்பிள்ளைப் பேச்சு என்று அவள் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. நம்பினாள், பாவம். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையையே பார்த்து நின்றாள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை யாரும் வரவில்லை. குளிர்ந்த தண்ணீரில் தாத்தாவுக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. பிறகு அம்மா தானாகவே இறங்கினாள். முழுகி எழுந்ததும் மற்றவர்கள் பாட்டெடுத்தார்கள். அவள் அப்போதும் பாதையைத்தான் பார்த்தாள்.

புதன்கிழமை, தோட்டம் தோட்டமாகத் துணி விற்க வரும் பதுளைக்கடை முஸ்லிம் வியாபாரி நானா எங்கள் வாசலில் மூட்டையை இறக்கினார். மடுல்சீமையிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு, மேலே சொல்லத் தயங்கினார். அம்மா விடவில்லை.

"ஒங்கட அண்ணன் ஞாயித்துக்கெழமை வீட்டு ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய், ஆத்துல தலைமுழுகிட்டாரு" என்றார் தரையைப் பார்த்தபடி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் சொன்னேன்ல?" என்று குதித்தேன். அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டு, "ஆமா புள்ள, நீ சொன்ன" என்றாள்.

ஒரே நாளில் இரண்டு வீடும் முழுகியாகிவிட்டது, இனி இரண்டு வீட்டுக்கும் ஒரே சாமி, மாமா அடிக்கடி வருவார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் ஏன் ஒரு தரம்கூட வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.