நேரில் இருந்தாக வேண்டிய ஆள்

காலையில் கடையைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை அடுப்பைப் பற்ற வைப்பதல்ல. சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்துவதும் அல்ல. கொளுத்தினால் கூரையிலுள்ள புகை அலாரம் தெருவுக்கே கேட்கும்படி கத்தும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்குகிறது. அதில் என் பெயரை எழுதுவேன். மாதேஷ். அதற்கு மேலே ஆங்கிலத்தில் "இன்றைய பொறுப்பாளர்" என்று அச்சடித்திருக்கும். இரவு பூட்டும்போது பெயரைத் துணியால் துடைத்துவிட வேண்டும். நேற்றைய பெயர் இன்று பலகையில் கிடந்தால் அதுவும் குற்றம்தான். தினமும் காலையில் தன் பெயரைத் தானே சுவரில் எழுதிக்கொள்கிற வேலை உலகத்தில் வேறு யாருக்காவது இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர் இது. ஒரே ஒரு இந்திய ஓட்டல், அதற்கு நான் மேனேஜர். இங்கே கவுண்ட்டி என்று ஒன்று உண்டு. நம் மாவட்டம் மாதிரி, ஆனால் தன் சட்டத்தைத் தானே போட்டுக்கொள்கிற மாவட்டம். எங்கள் கவுண்ட்டியின் சட்டம் இதுதான்: உணவுப் பாதுகாப்புப் பரீட்சையில் தேறி, கவுண்ட்டி கொடுத்த அட்டையை வைத்திருக்கும் ஒருவர் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் கடைக்குள் இருக்க வேண்டும். போனில் கிடைத்தால் போதாது, பக்கத்துத் தெருவில் இருந்தாலும் போதாது. ஊர்க் கோடியிலுள்ள பாலத்தைத் தாண்டினால் வேறு கவுண்ட்டி, அங்கே இந்த அட்டை வெறும் பிளாஸ்டிக்.

ஊரில் நான் வேலை பார்த்தது காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், பெங்களூரு பஸ்கள் நிற்கிற ஒரு நெடுஞ்சாலை ஓட்டலில். அங்கே மேனேஜர் என்றால் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை இல்லை என்று சொல்பவர். எங்கள் மேனேஜர் மத்தியானம் சாப்பிட இண்டூருக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். அதனால் ஒரு தோசைகூடக் கருகியதில்லை. இப்போது தருமபுரியிலும் ஓட்டல்காரர்களை மண்டபத்தில் உட்கார வைத்து வகுப்பு எடுத்துப் பரீட்சை வைக்கிறார்களாம். அந்தப் பழைய முதலாளி தன் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, அதற்கும் பூ வைக்கிறாராம். சொன்னவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பரீட்சை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும்.

முதல் தடவை நான் தேறவில்லை. மீந்துபோன சோற்றை இரவு என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. நான்கு விடைகளில் ஒன்றில் தண்ணீர் என்ற சொல் இருந்தது. மேற்கொண்டு படிக்காமல் அதைத் தட்டிவிட்டேன். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றாதவன் எந்த ஊர்க்காரன்? இங்கே அந்தச் சோற்றை அகலத் தட்டில் பரப்பி, வேகமாக ஆற வைத்து, குளிர்பெட்டிக்குள் தள்ள வேண்டும். நாம் காலையில் வெங்காயம் கடித்துக் குடிக்கிறதற்கு அந்தப் புத்தகத்தில் ஆபத்து என்று பெயர். இரண்டாவது தடவை, நம் ஊர் அடுப்படியை முழுசாக மறந்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். தேறிவிட்டேன்.

மறந்தேன் என்றேனே தவிர, கை மறக்கவில்லை. ஒருநாள் கவுண்ட்டியின் இன்ஸ்பெக்டர் அம்மாள் பக்கத்தில் நிற்கும்போதே, கரண்டியிலிருந்து ரெண்டு சொட்டு சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். "என்ன செய்கிறீர்கள்?" என்றார். "உப்புப் பார்க்கிறேன்." "கையிலா?" கரண்டியை வாயில் வைத்தால் எச்சிலாகிவிடும், அதனால்தான் கை என்று விளக்கினேன். அந்த அம்மாளுக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவர்கள் கணக்கில் அழுக்கு கையில் இருக்கிறது, நம் கணக்கில் அது வாயில் இருக்கிறது. போய்க் கையைக் கழுவச் சொன்னார், கழுவினேன். அன்றுமுதல் ஒருதடவை பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் கரண்டிதான்.

இப்படி நான் பலகையும் கரண்டியுமாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தங்கை கவிதா போன் செய்தாள். காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்கு இன்னும் காது குத்தவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒரு வயதில் கொரோனாவால் நாடே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. மூன்று வயதில், போனால் நான் திரும்பி வர வேண்டிய விசா தூதரகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஐந்து.

"ண்ணா, புள்ளய சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா பொம்பளைங்க காதத்தான் மொதல்ல பாக்கறாங்க. மூளியா கெடக்குதே, ஏன் குத்தலன்னு கேக்கறாங்க. மாமன் அமெரிக்காவுல இருக்கறான்னு எத்தனை நாளைக்கிச் சொல்றது? நீ வர்றியா, இல்ல வேற மடி பாக்கட்டுமா?"

வேறு மடி இல்லாமல் இல்லை. பெரியப்பா மகன் சேகர் இருக்கிறான், முறைக்கு அவனும் மாமன்தான். கூப்பிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான். அதைச் சொன்னேன்.

"சேகரண்ணன் மடி நல்ல மடிதான். நாளைக்கி அவ பெரியவளாயி போட்டோவப் பாத்துட்டு, எங்க மாமன் எங்கம்மான்னு கேட்டா என்னத்த சொல்றது? கடையில பேரு எழுதிட்டு இருந்தான்னு சொல்லவா?"

பலகையைப் பற்றி அவளிடம் விளையாட்டாகச் சொன்னது நான்தான். அது இப்படித் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. அன்றைக்கே முதலாளியிடம் போய் நின்றேன்.

முதலாளி சித்தூர்க்காரர், நல்ல மனிதர். லீவு கேட்டதும் சரி என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "நான் லீவு குடுப்பேன் தம்பி. கவுண்ட்டி குடுக்காதே. நீ போற அன்னிக்கே கடைக்குப் பூட்டுதான்." கடையில் அட்டை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். முதலாளிக்கே கிடையாது, ரெண்டு தடவை எழுதி, ரெண்டு தடவையும் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவர் அவர்.

வழி சொன்னவள் மரியா. மெக்சிகோவிலிருந்து வந்தவள், எங்கள் கடையில் காய்கறி நறுக்குவாள், கூட்டம் இருந்தால் பரிமாறுவாள். மடி விஷயத்தை ஓட்டை இங்கிலீஷில் நான் பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் ஊரிலும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் 'பத்ரினோ' என்கிற ஞானத்தகப்பன் வந்தாக வேண்டுமாம். "அவர் வராவிட்டால் பாதிரியார் என்ன, கடவுளே வந்தாலும் நடக்காது" என்றாள். "நான் பரீட்சை எழுதுகிறேன். ஸ்பானிஷில் எழுதலாம்." தமிழில் எழுத முடியாத பரீட்சையை ஸ்பானிஷில் எழுதலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சமையலறையில் ஓய்வு கிடைத்த போதெல்லாம் நான் கேள்வி கேட்க, அவள் கேரட்டை நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாள். முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் அவளுக்கு இல்லையே.

டிக்கெட் போட்டுவிட்டேன். குலதெய்வம் கோவிலில் நாள் குறித்து, தங்கை பத்திரிகையும் அடித்துவிட்டாள். மரியாவின் அட்டை மட்டும் வரவில்லை. தேறினால் போதாது, கவுண்ட்டி பதிவு செய்து தபாலில் அனுப்பும் அட்டை கைக்கு வர வேண்டும். போன் செய்தால் வரிசையில் இருக்கிறது என்றார்கள். எந்த வரிசை, எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு மரியாவை அழைத்துக்கொண்டு நேரிலேயே போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலை நரைத்த ஒரு பெண்மணி இருந்தார்.

"என்ன அவசரம்?" என்றார். தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும், நான் இந்தியா போக வேண்டும் என்றேன்.

"காது குத்தவா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாலில் கடை இருக்கிறதே. ஐந்து நிமிடம்தான். முன்பதிவுகூட வேண்டாம்."

குழந்தை இந்தியாவில் இருக்கிறது என்றேன். அப்படியானால் இந்தியாவில் உள்ள மாலில் குத்தலாமே என்றார். காரிமங்கலத்தில் மால் இல்லை என்பதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அவள் என் மடியில்தான் உட்கார வேண்டும், என் மடி வராமல் ஐந்து வருஷமாகக் காது குத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் என்னையும் மரியாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் அந்தக் குழந்தையின் கார்டியனா?"

நம் ஊரில் தாய்மாமனுக்கு உள்ள பாத்தியதையை எந்த ஆங்கிலச் சொல்லில் அடைப்பது? தொட்டில் கட்டுவதிலிருந்து கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுப்பது வரை எல்லாவற்றையும் ஒரு நொடி நினைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றேன்.

"இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்றார். அவர் முகமே மாறிவிட்டது. "சின்னப் பிள்ளைக்குக் காது குத்த வேண்டுமென்றால் கார்டியன் நேரில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குத்த மாட்டார்கள். அது ரூல்."

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது மரியாவின் அட்டை அவர் கையில் இருந்தது, அச்சடித்த சூடு ஆறாமல். அவர் புரிந்துகொண்டது வேறு, நான் சொன்னது வேறு. ஆனாலும் ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. காரில் வரும்போது மரியா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, உள்ளே எங்கோ சுருக்கென்றும் இருந்தது. இனி அந்தப் பலகையில் என் பெயர் இல்லாவிட்டாலும் கடை திறக்கும்.

கோவில் இண்டூர்ப் பக்கம், கொல்லைக்காட்டு நடுவில். நாள் என் லீவின் கடைசியில்தான் அமைந்தது. பந்தலுக்குப் பின்னால் சமையல்காரர் என்னைக் கூப்பிட்டார். "மாமங்காரரு வாங்க, உப்பு பாருங்க." அண்டாவிலிருந்து குழம்பை எடுத்து, என் கைக்கு நேராகக் கரண்டியை நீட்டினார். நான் சுற்றிலும் பிளாஸ்டிக் கரண்டியைத் தேடினேன். நான் எதற்கு நிற்கிறேன் என்று அவர் பார்த்தார். உள்ளங்கையை நீட்டினேன். உப்பு சரியாக இருந்தது.

ஆசாரி பாயில் உட்கார்ந்து தங்கக் கம்பியை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தாய்மாமன் யாருங்க?"

இன்ஸ்பெக்டர் அம்மாள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான். யார் பொறுப்பாளர்? அங்கே அட்டையைத் தேடி எடுத்துக் காட்டுவேன். இங்கே, "நாந்தாங்க" என்றேன். யாரும் எதையும் காட்டச் சொல்லவில்லை. கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய யாழினியைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். போனில் பார்த்து, வந்த பிறகும் எட்டி நின்றே பார்த்த மாமனின் மடி இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போல, விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வாயில் வெல்லம் வைத்தேன். முதல் காதுக்கு அழவில்லை; என்ன நடக்கிறது என்று தெரிவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது காதுக்குத் தெரிந்துவிட்டது. வெல்லம் ஊட்டிய கையையே, கட்டைவிரலுக்குக் கீழே, சதையில் பல் இறங்கக் கடித்தாள். நான் கையை இழுக்கவில்லை. ஆசாரி கம்பியை முறுக்கி முடிக்கும்வரை கடித்துக்கொண்டே இருந்தாள்.

"மாமனுக்கும் சேத்துக் குத்தியாச்சுங்க" என்றார் ஆசாரி. பந்தலே சிரித்தது.

மறுநாளே பெங்களூரு போய் விமானம் ஏறினேன். பஸ் ஏறும்போது கவிதா இடுப்பிலிருந்த யாழினியின் தம்பியைக் காட்டி, "அடுத்தது இவனுக்குண்ணா. மறந்துராத" என்றாள். யாழினி அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, காதில் கை வைத்தபடி என் கையைத்தான் பார்த்தாள்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது பலகையில் மரியா என்று எழுதியிருந்தது. அன்றைக்கு முறை அவளுடையது. கை கழுவும் தொட்டியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மரியா பக்கத்தில் வந்தவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலுக்குக் கீழே ரெண்டு வரிசையில் சின்னச் சின்னப் புண், பொருக்கு தட்டிக்கொண்டிருந்தது.

"யார்?"

"யாழினி."

அவள் சிரித்தாள். பிறகு பொறுப்பாளர் முகத்தை வைத்துக்கொண்டாள். கையில் திறந்த காயத்தோடு அடுப்படிக்குள் போகக் கூடாது. அது நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். முதலுதவிப் பெட்டியிலிருந்து நீல நிற பிளாஸ்திரியை எடுத்துத் தந்தாள். சாப்பாட்டில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த நீலம். என் மருமகளின் பல் பதிந்த இடத்தை அதை ஒட்டி மூடினேன், அதற்கு மேல் கையுறையையும் மாட்டினேன். மரியா சரி என்று தலையசைத்தாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். ஆறிக்கொண்டிருந்த புண் கையுறைக்குள் நாளெல்லாம் அரித்தது.