மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் யார்?

என் மருமகள் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற படிப்புக்கு வெளிநாடு போனாள். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு எது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மருமகளைப் படிக்க அனுப்புகிற மாமியாரைச் சிலர் அதிசயமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் படித்தால் பாதி நான் படித்த மாதிரி.

அவள் போன பிறகு என் மகனும் போவதாக ஏற்பாடு. படிக்கப் போனவளின் கணவனுக்கும் விசா உண்டு, ஆனால் கணவன்தான் என்று காட்ட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். பதிவுச் சான்றிதழ் மட்டும் போதாது, கல்யாணப் படமும் வைக்க வேண்டும் என்றார் கன்சல்டன்சிக்காரர். அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர், இப்போது பிள்ளைகளை வெளிநாடு அனுப்புகிற ஆபீஸ் வைத்திருக்கிறார்.

மகனுக்கு அன்றைக்குக் கம்பெனியில் ஷிப்மெண்ட். நல்ல படமாக எடுத்து வையுங்கள் என்று ஆல்பத்தை என் மடியில் போட்டுவிட்டு ஓடினான். நான் அவசரப்படவில்லை. சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகத் திருப்பினேன். தாலி கட்டுகிற படத்தில் வீடியோக்காரரின் முதுகுதான் பெரிதாகத் தெரிந்தது. அதுவும் போக, தாலி எல்லா ஊரிலும் கட்டுகிறார்கள். இணைச்சீர் எங்கள் பக்கம் மட்டும்தான். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நகையெல்லாம் பூட்டி, கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருவாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவள் கையில் இருக்கும், மறுமுனை அவன் கக்கத்தில். இந்தக் கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம் என்று அவள் சபையில் காட்டுகிற சீர் அது. அது நடக்காமல் எங்கள் வீட்டில் யாரும் தாலியைத் தொட மாட்டார்கள். ஆகவே என் மகளும் மகனும் அப்படி உட்கார்ந்திருக்கும் படங்களாகவே பொறுக்கி வைத்தேன். ஒன்றில் நானும் பின்னால் நின்றேன், மாம்பழ நிறப் பட்டில். மகன் பார்க்காமலே அனுப்பிவிட்டான்.

விசா ஆபீசிலிருந்து கேள்வி வந்தது. விண்ணப்பதாரருடன் மணக்கோலத்தில் இருக்கும் இந்தப் பெண் யார்? இது அவருடைய முந்தைய திருமணமா? அது முறைப்படி முடிந்துவிட்டதா? சரியான விளக்கம் இல்லையென்றால், பொய்த் தகவல் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு மனைவியின் படிப்பு விசாவையும் திரும்பப் பார்ப்போம் என்று கீழே எழுதியிருந்தது. மகன் எனக்கு அதைப் படித்துச் சொன்னான், பிறகு போனில் மருமகளுக்கும் சொன்னான். சரிங்க, பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

மகனும் நானும் ஆபீசுக்குப் போனோம். கன்சல்டன்சிக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதிய அம்மா. எங்க ஊர்ல அக்காவ இப்படி உக்கார வச்சா எங்களுக்கே சந்தேகம் வரும்."

"உங்கூர்ல அக்காகாரியக் கேக்காமயே கண்ணாலம் பண்ணிக்குவீங்களாக்கும்" என்றேன்.

அவர் டைப் அடிக்க ஆரம்பித்தார். நான் இவருடைய மனைவி அல்ல, அக்காதான் என்று என் மகள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். பெற்றவளுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒருத்தி படிப்பு ஊசலாடுகிறதே என்று பல்லடத்துக்குப் போன் போட்டேன். மகளும் மாப்பிள்ளையும் கோழிப்பண்ணை வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்தச் சத்தியப் பத்திரத்தில் உறவு தொடங்கிய நாள் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போட என்று கேட்டார்.

"அவன் பொறந்த அன்னைக்குத்தானுங்க" என்றாள் மகள். "அதுக்கு முந்தி எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப நான் யாருங்க அத்தை?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். அவர் சாதாரணமாக வாயே திறக்காத மனிதர்.

அதுவும் நியாயம்தான், இந்த அம்மா வேறொருவரின் மனைவி என்று காட்டிவிட்டால் சந்தேகமே தீர்ந்துவிடும் என்று கன்சல்டன்சிக்காரருக்குத் தெம்பு வந்தது. உங்கள் கல்யாணப் படம் இருக்கிறதா என்றார். மாப்பிள்ளை பெருமையாகத் தன் போனை நீட்டினார். கன்சல்டன்சிக்காரர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இவிய யாரு?"

"என் தங்கச்சிங்க."

தங்கச்சியையும் கூப்பிட்டுச் சத்தியம் வாங்க வேண்டுமா என்று மகன் கேட்டான். வாங்கினால் அவள் புருசனைக் காட்டச் சொல்வார்கள். அந்தப் புருசன் பக்கத்தில் அவருடைய அக்கா உட்கார்ந்திருப்பாள். இது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. சேலத்தோடு முடிந்துவிடும், அதற்கு அந்தப் பக்கம் இணைச்சீர் கிடையாது என்று மாப்பிள்ளை யோசித்துச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது.

"ஒரு பனியன்ல தையல் கோணலா இருந்தா அது டேமேஜுங்க. லாட்டு பூராம் அதே கோணல்னா அது டிசைனு. எங்க சனத்துக் கண்ணாலப் படம் எல்லாத்தையும் அனுப்பிப் போடலாம்."

கன்சல்டன்சிக்காரர் என்னையும் மாப்பிள்ளையின் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொண்டு வரச் சொன்னார்.

சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். கட்டைப் பையில் ஆல்பங்கள் வந்தன. மங்கலத்தில் இருக்கிற என் கொழுந்தனார் சுவரில் மாட்டியிருந்த படத்தை ஆணியோடு பிடுங்கி வந்தார். ஒருவர் மட்டும் தர மாட்டேன் என்றார். விதைப்புக் காட்டைப் பாகம் பிரித்ததில் அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லையாம். விசா ஆபீசருக்கு உங்கள் காட்டுத் தகராறு தெரியாது என்று சொல்லி வாங்கி வந்தேன். ஒவ்வொரு மாப்பிள்ளையும் அக்காவோடோ தங்கையோடோ இருக்கிற படம் ஒன்று, கட்டிக்கொண்டவளோடு இருக்கிற படம் ஒன்று என்று ஜோடி சேர்த்து அடுக்கினோம். பழைய கருப்பு வெள்ளையில் என் வீட்டுக்காரரும் என் நாத்தனாரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். கன்சல்டன்சிக்காரர் உட்கார்ந்து ஸ்கேன் செய்தார். போகப் போக, எந்த அக்கா மனசாரச் சம்மதித்திருக்கிறாள், எவள் வேண்டாவெறுப்பாகச் சேலையைப் பிடித்திருக்கிறாள் என்று அவரே முகம் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

விசா வந்துவிட்டது. கூடவே ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் வம்சத்துக் கல்யாணம் அத்தனையும் பார்த்த ஆபீசர், சீர் நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கன்சல்டன்சிக்காரரிடம் கேட்டேன். அதெல்லாம் எழுத மாட்டார்கள் என்றார்.

மருமகளுக்கு நானே போன் போட்டேன். அந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து துணிமணியைக் கட்டிப் பெட்டியைக் கதவோரம் வைத்திருந்தாளாம். காலேஜுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாள். எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை.

"இப்பத்தானுங்க அத்தை, பொட்டியக் கட்டலுக்கடியில தள்ளுனேன்" என்றாள்.

"ரொம்ப உள்ள தள்ளீறாத கண்ணு. அவன் பொட்டியும் அங்கதான் வெக்கோணும்" என்றேன்.