தவிட்டுக்கு வாங்கிய தம்பி

தம்பிக்கு முட்டு இருந்தது, எனக்கு இல்லை. சின்ன வயதில் நான் பட்ட பொறாமை முழுவதையும் இந்த ஒரு வசனத்துக்குள் அடக்கிவிடலாம்.

முட்டு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கினால் அவனுடைய நெஞ்சு கோழிக்குஞ்சின் நெஞ்சைப் போல ஏறி இறங்கும். வீடு முழுவதும் அவனைச் சுற்றி ஓடும். நாங்கள் அப்போது திருகோணமலையில், உட்துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகப் பண்டசாலையில் வேலை. வெயில் காலத்தில் ஊரே சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருக்க, தம்பி மட்டும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பான். கடற்காற்றுப் படக்கூடாதென்று அவன் படுக்கும் அறை யன்னலை அம்மா ஆணி அடித்தே மூடியிருந்தார். அவன் குடிக்கும் தண்ணீரை அவரே கொதிக்கவைப்பார், வேறு யாரும் அந்தக் கேத்தலைத் தொடக்கூடாது. பாணுக்கே வரிசையில் நிற்கவேண்டியிருந்த அந்தக் காலத்தில் அவனுக்கு மட்டும் எங்கிருந்தோ தோடம்பழம் வரும். அம்மா அதன் வெள்ளைத் தும்பையெல்லாம் எடுத்துவிட்டு, சுளை சுளையாக ஊட்டுவார். எனக்குக் கிடைப்பது தோல்.

ஒருமுறை நானும் முட்டு வரப்பண்ணிப் பார்த்தேன். குசினி வாசலில் நின்று கண் பிதுங்க மூச்சை இழுத்தேன். என்னுடைய மதிப்பில் அது தம்பியுடையதைவிடத் திறமான இழுப்பு. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நடிக்காதை. போய்ப் படி" என்றார்.

இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய வயதில் தம்பிக்கு முட்டு கடுமையாகிவிட்டது. மருந்தும் கசாயமும் சரிவரவில்லை. பிள்ளையைக் கோயிலில் விற்று வாங்குவதென்று அப்பாவும் கந்தளாயில் வயல் செய்யும் மாமாவும் முடிவெடுத்தார்கள். தங்காதோ என்று பயப்படுகிற பிள்ளையைத் தாய் கோயிலில் இருக்கும் அம்மாளுக்கு, அம்மனுக்கு, கொடுத்துவிட வேண்டும். பிறகு தாய்மாமன் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து அம்மாளிடமிருந்து வாங்கித் தருவார். அதன்பின் பிள்ளை அம்மாளுடையது, பெற்றவர்கள் வளர்க்கிறவர்கள் மட்டுந்தான். எங்கள் பக்கத்தில் வழக்கமான நேர்த்திதான் அது. அம்மாவுக்கு மட்டும் மனமில்லை. "நான் பாராததையோ அங்கை பாக்கப்போயினம்?" என்று கேட்டுவிட்டு, தானே தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாம்பல்தீவுப் பக்கம் கடலோரத்தில் இருந்த அம்மன் கோயிலுக்கு பஸ்ஸில் போனோம். கொதித்தாறிய தண்ணீர், தைலம், மாற்றுச்சட்டை, தொப்பி எல்லாம் அம்மாவின் பையில் இருந்தன. மாமா அரைச் சாக்குத் தவிட்டோடு வந்து இறங்கினார்.

"ஒரு பிடி காணுமே, இவ்வளவு என்னத்துக்கு?" என்றார் அப்பா.

"என்ர மருமகனை ஒரு பிடிக்கு வாங்கினதெண்டு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது" என்றார் மாமா.

எனக்கு வயிறு எரிந்தது. எனக்காக யாரும் எங்கேயும் அரைச் சாக்கு எதையும் தூக்கிக்கொண்டு வந்ததில்லை.

சன்னதியில் பூசாரியார் தம்பியை வாங்கக் கை நீட்டினார். "இந்தப் பிள்ளை எனக்கில்லை, உனக்குத்தான்" என்று அம்மா சொல்ல வேண்டும். சொன்னார். ஆனால் அவருடைய கை தம்பியின் மணிக்கட்டை விடவில்லை. பூசாரியார் ஒரு பக்கம், அம்மா மறுபக்கம், நடுவில் தம்பி தொப்பியோடு முழித்துக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, கையை விடுங்கோ" என்றார் பூசாரியார். "பிடிச்சுக்கொண்டு குடுக்க ஏலாது."

அம்மா அழுதார். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தார். பூசாரியார் தம்பியை அம்மாளின் காலடியில் இருத்தி, திருநீறு போட்டு, மாமாவிடம் ஒரே ஒரு பிடி தவிட்டை வாங்கிக்கொண்டு அவனைத் திருப்பித் தந்தார். மிச்சத் தவிடு அப்படியே இருந்தது. சந்தர்ப்பத்தை விடாமல் நான் அம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தேன்.

"தவிடு மிச்சம் கிடக்குத்தானே அம்மா. என்னையும் வித்து வாங்குங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். "உனக்கென்ன குறை, குண்டுக்கல் மாதிரி நிக்கிறாய்" என்றார் அம்மா. தவிடு வீட்டுக்கு வந்து கோழிகளுக்குப் போனது.

கொடுத்தது கொடுத்ததுதான் என்று அம்மா தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். யன்னல் ஆணியை அப்பா கழற்றியபோது பேசாமல் இருந்தார். தம்பியின் தொப்பி அலுமாரிக்குள் போனது. அவன் மற்றப் பொடியன்களோடு கப்பல் பார்க்கப் போனான், ஊருக்குள் திரியும் மான்களுக்குப் பின்னால் ஓடினான். அவன் வாசலைத் தாண்டும்போது அம்மாவின் வாய் மெல்ல அசையும். "அம்மாளே, உன்ர பிள்ளை. நீ பார்." அவ்வளவுதான் மந்திரம்.

இத்தனை நாள் அவனைச் சுற்றியிருந்த கைகள் இப்போது சும்மா இருந்தன. அவை என் பக்கம் திரும்பின. காலையும் மாலையும் பேன் பார்த்தல், எண்ணெய் வைத்தல், வாய்ப்பாடு கேட்டல், எங்கை போறாய், ஏன் போறாய். ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றாகக் கிடைத்து மூச்சு முட்டியது. தம்பி வெயிலில் கறுத்துக்கொண்டு வருவதைப் படிப்பு மேசையில் இருந்து பார்த்துப் புகைந்தேன். பிடித்து வைத்திருந்தபோதும் அவனில் எரிச்சல், விட்டபோதும் அவனில்தான் எரிச்சல். என்னை யாராலும் திருப்திப்படுத்த முடிந்திராது.

மாரி தொடங்கியதும் ஒரு பின்னேரம் தம்பிக்கு மறுபடி இழுத்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த அப்போதிக்கரி ஐயா வந்து ஊசி போட்டார். இனி மருந்து வேலை செய்ய வேண்டும், பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்றார். அம்மா அவனுடைய நெஞ்சைத் தடவி, முதுகைத் தடவி, விசிறி, அழுது கொண்டிருந்தார். தம்பி அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து இன்னும் பதறினான்.

"நீங்கள் பயப்பட அவனும் பயப்பிடுறான். தகப்பன் இருக்கட்டும்" என்றார் ஐயா.

அம்மா எழுந்தார். அறையை விட்டு வெளியே வந்து சாமிப்படத்துக்கு முன்னால் தரையில் இருந்தார். "இஞ்சை வா பிள்ளை" என்று என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இழுக்கும் சத்தம். கூரையில் மழைச் சத்தம். அம்மா எழுந்து போகவில்லை. "உன்ர பிள்ளை, நீ பார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டேயிருந்தார். சத்தம் கூடும்போதெல்லாம் அவருடைய பிடி இறுகியது. நொந்தது. ஆனால் நான் மூச்சுக்கூட விடவில்லை. தம்பி உள்ளே கிடக்க அம்மா என்னோடு இருந்தார், என்னைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இவ்வளவு காலமும் காத்திருந்தது அதற்குத்தானே.

விளக்கு வைக்கும் நேரமளவில் சத்தம் அடங்கியது. அப்பா வாசலில் வந்து, "நித்திரையாகிட்டான்" என்றார்.

காலையில் தம்பி எழும்பித் தேத்தண்ணீர் குடிக்கும்வரை காத்திருந்து என் மணிக்கட்டை நீட்டினேன். நகம் பட்ட இடங்கள் சிவந்து கிடந்தன.

"பாத்தியே. நேத்து அம்மா என்னைத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தவ."

அவன் உற்றுப் பார்த்தான். "அப்ப என்னை ஆர் பிடிச்சது?"

"ஒருத்தருமில்லை" என்றேன், மனம் நிறைந்த சந்தோஷத்தோடு.

அந்தத் தடம் அழிந்துவிடக்கூடாதென்று இரண்டொரு நாள் குளிக்கும்போது தண்ணீர் படாமல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தான் தம்பியிடம் எழும்பி ஓடிவிடாமல் இருக்கத்தான் அம்மா என்னைப் பிடித்திருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.