கண்ணாடியில் ஒட்டும் பட்டியல்

அன்று நான் தாப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு படப்பிடிப்பில் இருந்தேன். நான் எழுதிய வசனத்தை நடிகர் ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் குமார் அழைத்தார். குனோங் ராபாட்டில் தனம் அக்காவின் முடி திருத்தும் கடையில் இருபது வருடமாக இரண்டாம் நாற்காலியில் வேலை செய்பவர் குமார்.

"ரைட்டர் அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே. காலையில சாமி கும்பிட்டுட்டு உக்காந்தாங்க, அப்படியே…" என்றவர் அழுதுவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "இந்த வருசம் லிஸ்ட் இன்னும் ஒட்டலயேண்ணே. என்னா செய்யுறது?"

சாவுச் செய்தி சொல்லும்போது கேட்கிற கேள்வியா இது என்று வேறு யாராவது கோபப்பட்டிருக்கலாம். எனக்குக் கோபம் வரவில்லை. டிசம்பர் மூன்றாம் வாரம் அது. அக்காவை அறிந்த எல்லாருக்கும் அடுத்த நினைப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அக்காவிடம் முடி வெட்டிக்கொண்ட உங்களுக்கு இது தெரிந்த கதைதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி, நடுக் கண்ணாடியில் ஒட்டுவார் தனம் அக்கா. ஆண்டின் சிறந்த பாட்டு, சிறந்த படம், சிறந்த தொலைக்காட்சி நாடகம். மூன்றும் மலேசியாவில் நம் ஆட்கள் செய்ததாக இருக்க வேண்டும். பொங்கல் வரை அந்தத் தாள் அங்கேயே இருக்கும். முடி வெட்டாதவர்கள்கூட அதைப் பார்ப்பதற்கென்றே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

அவர் தேர்ந்தெடுக்கும் முறை வேறெங்கும் கிடையாது. கடையின் மேல்மூலையில் தொலைக்காட்சி. மாலை ஆறரைக்கு நம் நாடகம் ஓடும். முடி வெட்டி, துணியை உதறி, கழுத்தில் பவுடர் போட்டு, "ஆச்சுலா, எந்திரிங்க" என்று சொன்ன பிறகும் ஒருவர் நாற்காலியை விட்டு எழாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நாடகத்துக்கு ஒரு கிளிப். சாதாரணக் கறுப்பு முடிக் கிளிப். நாடகத்தின் பெயர் ஒட்டிய பால் டின்னில் அதைப் போடுவார். எல்லா நாடகமும் பதின்மூன்று வாரம்தான் ஓடும் என்பதால் யாருக்கும் அநியாயம் இல்லை. படத்துக்கு வேறு சட்டம். திரையரங்கிலிருந்து படம் போய் ஒரு மாதம் ஆன பிறகும், யாரும் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும். பாட்டுக்கு நடுவர் குமார். தரையில் கிடக்கும் முடியைக் கூட்டும்போது அவர் எதை முணுமுணுக்கிறாரோ அதுதான்.

பத்திரிகை விமர்சனங்களைப் படித்தே வளர்ந்த எனக்கு இது முதலில் சிரிப்பாக இருந்தது. என் முதல் நாடகம் ஒளிபரப்பானபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒன்பதாவது வாரம் வரை என் டின்னில் நாலே நாலு கிளிப். ஒருநாள் நானே உட்கார்ந்து பார்த்தேன். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது ஒருவர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, "வெளிய மழ வருதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சிம்பாங் பூலாயில் என் கூட்டாளிகள் எட்டுப் பேர். அவர்களிடம் கெஞ்சி, வாரம் இரண்டு பேராக, ஆறரை மணிக்கு முடி வெட்டப் போகச் சொன்னேன். வெட்டி முடிந்ததும் எழக் கூடாது, அவ்வளவுதான் வேலை. திட்டம் பிரமாதமாக நடந்தது. ஆனால் கடைசி வாரம் அனுப்பிய ஒருவருக்குக் காதோரம் நாலு முடிதான் உண்டு. அதை நான் யோசிக்கவில்லை.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். பின்கட்டுக்கு அழைத்துப் போய், என் கையை விரிக்கச் சொல்லி எட்டுக் கிளிப்பை வைத்தார்.

"இது ஒங்க கூட்டாளிங்க கிளிப்பு. எடுத்துக்கிட்டுப் போங்க ரைட்டரே."

"அக்கா, எப்படி…"

"வழுக்கத் தலைக்கு கட்டிங் கேட்டு வந்தாரு. வெட்டி முடிச்சும் ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்காரு, ஆனா பார்வ பூரா ஹென்போன்ல. மத்த ஏழு பேரும் அப்படித்தான். ரொம்ப பண்டாய், பெரிய கெட்டிக்காரர்னு நெனப்பு ஒங்களுக்கு." சிரித்துவிட்டார். பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அடுத்த தடவ ஆள அனுப்பாதீங்க. நல்ல கதையா அனுப்புங்க, ஆளு தானா வரும்."

அவர் நினைத்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கலாம். குமாருக்குக்கூடச் சொல்லவில்லை. வெட்கத்தில் நான் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. முடி தோளைத் தொட்டபோது வேறு வழியில்லாமல் போனேன். "வாங்க, ஒக்காருங்க" என்று எப்போதும் போலத் துணியைப் போர்த்தினார்.

ஓர் ஆண்டு பட்டியலில் "படம்: இல்லை" என்று எழுதி ஒட்டினார். கோலாலம்பூரிலிருந்து ஓர் இயக்குநர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். நான் அப்போது காத்திருக்கும் பெஞ்சில் இருந்தேன்.

"நம்ம ஆளுங்க எடுத்தத நம்மளே தூக்கி விடலன்னா எப்படிக்கா?"

"முடி காதுல விழுது. மொதல்ல ஒக்காருங்க தம்பி."

வெட்டிக்கொண்டே பதில் சொன்னார்: "இந்த நாற்காலியில எத்தன பேரு உக்காந்து எந்திரிச்சாங்க. ஒருத்தர் வாயிலயும் ஒங்க படம் வரல. பாவம்னு போட்டா அது ஒங்களுக்குத்தான் அசிங்கம். எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. நல்லா வெட்டுனா நல்லா வெட்டுன, இல்லன்னா இல்ல. நம்ம புள்ளதானேன்னு எவனும் சும்மா சொல்ல மாட்டான்லா."

இயக்குநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து அவர் எடுத்த அடுத்த படத்தைப் பற்றி அந்தக் கடையில் ஐந்து வாரம் பேசினார்கள். பெயர் கண்ணாடியில் ஏறியது. மனிதர் குடும்பத்தோடு வந்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். அவர் வாங்கிய கோப்பைகள் எத்தனையோ. அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பது இந்தப் படத்தைத்தான்.

எட்டாம் நாள் துக்கம் முடிந்த மறுநாள், குமாரும் நானும் கடையைத் திறந்தோம். டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை. பாட்டுக்கும் படத்துக்கும் குமார் சட்டென்று பெயர் சொல்லிவிட்டார். நாடகத்துக்குப் பால் டின்களை இறக்கி எண்ணினோம். இந்த ஆண்டு லோரி ஓட்டுநர் ஒருவரின் குடும்பத்தை வைத்து நான் எழுதிய நாடகத்துக்கு நாற்பத்தொரு கிளிப். தெலுக் இந்தானைச் சேர்ந்த ஒரு மருத்துவமனைத் தாதி எழுதிய முதல் நாடகத்துக்கு நாற்பத்தாறு.

ஐந்தே ஐந்து கிளிப். குமார் காப்பி கலக்கப் பின்கட்டுக்குப் போனார். பழைய எட்டுக் கிளிப்பும் வாசலில் நிற்கும் என் காரில், சில்லறை போடும் குழியில்தான் அத்தனை வருடமாகக் கிடந்தன. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், என் கை கார்ச் சாவியைத் தடவியது. எதிரே அக்காவின் கண்ணாடி. அதில் என் மூஞ்சி தெரிந்தது. சரியான திருட்டு முழி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

குமார் வந்தபோது நான் தாதியின் நாடகப் பெயரை எழுதி முடித்திருந்தேன்.

"அஞ்சு கிளிப்புல போச்சேண்ணே. அக்கா இருந்திருந்தா…"

"இருந்திருந்தாலும் இதுதான் குமார்."

தாளை நடுக் கண்ணாடியில் ஒட்டினோம். கொஞ்ச நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கத் தொடங்கின. அக்கா இல்லாத முதல் பட்டியலையும் ஆட்கள் எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்த எட்டுக் கிளிப்பும் இப்போதும் என் காரில்தான் இருக்கின்றன. அக்கா தன் கையால் எனக்குக் கொடுத்தவை அவை மட்டும்தான். எடுத்து வீசவும் மாட்டேன், எந்த டின்னிலும் போடவும் மாட்டேன். போகிற இடத்திலெல்லாம் ஐந்து கிளிப்பில் தோற்றேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். முதல் நாடகத்துக்கு நாலு, இதற்கு நாற்பத்தொன்று.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரைக்கூட நான் அனுப்பவில்லை, அக்கா.