மலாயாக்காரன் சுட்ட கறி

செட்டிக்குளத்துக் கரையில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள்: தச்சன், தையல்காரன், மலாயாக்காரன், நான். நடுவே மூன்று கல்லின் மேல் ஓர் இரும்புத் தகடு. நால்வரும் சிறு வயதுக் கூட்டாளிகள். சண்டை முடிந்த மறு வருஷம் அது. மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய், ஜப்பான்காரன் பிடித்துச் சயாம் ரயில் பாதையில் போட்டு, உயிரோடு திரும்பியவன் மலாயாக்காரன். அவனோடு போன என் அண்ணன் திரும்பவில்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டும் மலாயாக்காரன் சொன்னான். அங்கே சோறில்லாமல் செத்தார்கள் என்று ஊரில் பேச்சு. இவன் மட்டும் எப்படித் தப்பினான்? அதுதான் எனக்குள் கிடந்தது.

நல்ல கறியாக வாங்கி வாருங்கள், ஒன்று செய்து தருகிறேன் என்று அவன்தான் கூப்பிட்டிருந்தான். ஆட்டுத் தொடையை வெற்றிலை கனத்துக்கு அரிந்தான். பூண்டு, மிளகாய், வெல்லம், நல்லெண்ணெய் போட்டுப் பிசைந்தான். கறியில் வெல்லமா என்று தச்சன் சிரித்தான். தகடு காய்ந்ததும் ஒவ்வொரு துண்டாகப் போட்டுப் புரட்டினான். வெந்ததை வெற்றிலையில் மடித்து, தான் தின்னாமல், தையல்காரன் வாய்க்கு நேரே நீட்டினான்.

"இன்னாடா, நான் இன்னா பால்குடி கொழந்தையா?" என்றான் தையல்காரன். ஆனாலும் வாயைத் திறந்தான்.

"இத எங்க கத்துக்கினே?" என்று கேட்டேன்.

"ஜப்பான்காரன் காவலுக்கு வச்சிருந்த கொரியாக்காரன்கிட்ட. அவங்க ஊர்ல இப்பிடித்தான் ஊட்டுவாங்களாம்."

சிரிப்பு நின்றது.

"காவல்காரனோட உக்காந்து கறி துன்னியா?" என்றேன்.

"ஒரு தரம். எங்கியோ ஒரு ஆட்டைப் புடிச்சாந்தான். எங்க ரெண்டு பேரையும் கூப்டான்."

"ரெண்டு பேருன்னா?"

"உங்கண்ணனும் நானும். வெள்ளிக்கிழமைடா, வேணாம்னான் உங்கண்ணன். அப்புறம் வாயைத் தொறந்துட்டான்."

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது. அண்ணன் சொல்லியிருக்கக்கூடிய பேச்சுதான். ஆனால் அது ஊருக்கே தெரிந்த சங்கதி. கதை கட்டுகிறவனுக்கும் எட்டும்.

அடுத்த மடிப்பை என் வாய்க்கு நேரே நீட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. கையில் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் பல தடவை சுட்டான். ஒவ்வொரு தடவையும் வாய்க்கு நேரேதான் நீட்டுவான். நான் கையில்தான் வாங்குவேன்.

அவன் செத்தும் பல வருஷமாயிற்று. அந்தத் தகடு இப்போது என் வீட்டுக் கோழிக் கூண்டுக்கு மூடி. துருவுக்கு நடுவே கொழுப்பு பிடித்த கருப்பு இன்னும் போகவில்லை. கூண்டை மூடும்போது சில நாள் கை நின்றுவிடும்.

எங்கள் தெருவிலிருந்து கப்பலேறியவர்கள் ஏழு பேர். திரும்பியவன் ஒருவன்.