கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ஓட்டு

குளச்சல் பக்கத்துப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடியப்போகிற சமயம். என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பள்ளித் தாளாளரான ஃபாதர் முடிவு செய்யவேண்டிய வாரம். அந்த வாரம் பார்த்துத்தான் ஒரு கம்பெனிக்காரர் பை நிறைய ரிமோட்டுகளோடு வந்து சேர்ந்தார். பிள்ளைக்கு ஒன்று. கேள்வி கேட்டால் பட்டனை அமுக்கவேண்டும். பதில்கள் திரையில் கம்பிகளாக எழும்பும். யார் எதை அமுக்கினார்கள் என்று தெரியாது.

சோதித்துப் பார்க்க என் எட்டாம் வகுப்புதான் கிடைத்தது. ஃபாதர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கையிலும் ஒரு ரிமோட்டைத் திணித்தார் கம்பெனிக்காரர்.

ஒளிவிலகல் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன், சத்தியமாக. முடித்துவிட்டு, "மனசிலாச்சா மக்களே?" என்றேன்.

"மனசிலாச்சு டீச்சர்" என்று வகுப்பே ராகம் போட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டீச்சர் மனம் நோகும்படி ஒன்றும் சொல்லமாட்டார்கள். தூங்கி விழுந்தவனும் சேர்ந்து பாடுவான்.

"அதையே இதுல கேளுங்க மேடம்" என்றார் கம்பெனிக்காரர். புரிந்ததென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. இரண்டாவது கம்பி எழும்பி எழும்பித் திரையின் உச்சியில் போய் முட்டியது.

வேலை போச்சு. அப்போது முன்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பக்கத்தவளும் சிரித்தாள். சேர்ந்து பொய் சொல்லிச் சேர்ந்தே மாட்டிக்கொண்ட குஷி. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனால் போகட்டும் போ என்று சாக்பீஸை எடுத்தேன்.

படம் போட்டு விளக்கினேன். கம்பி பாதி இறங்கியது. கைதட்டல். பிறகு ஒரு அலுமினியச் சட்டியில் காசைப் போட்டு, காசு மறைகிற தூரத்தில் பிள்ளைகளை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன்.

"ஏட்டி, காசு மேல வருதுட்டி" என்று ஒரே கூத்து. மறுபடி அமுக்கினார்கள். கம்பி சரசரவென இறங்கி, இன்னும் ஒரே ஒருவருக்குப் புரியவில்லை என்று காட்டி நின்றது.

"யாருலே அது?"

"நானில்ல."

"நானுமில்ல."

பெஞ்சு பெஞ்சாக விசாரணை நடந்தது.

"எனக்குத்தான் மனசிலாகல்ல டீச்சர்" என்றார் ஃபாதர். "இங்க இருந்து பாத்தா சட்டியே தெரியல்ல."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னும் தள்ளி நில்லுங்க ஃபாதர்" என்று பிள்ளைகள் அவரை அதட்டி நிறுத்தினார்கள். நான் ஊற்றினேன். காசு தெரிந்தது. சட்டியைக் காலி செய்யச் சொல்லி மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவையும் கேட்டார். நானும் கிறுக்குப் பிடித்தவள்போல ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மணி அடித்தது. இத்தனை ரிமோட் வாங்கப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது என்று ஃபாதர் கம்பெனிக்காரரிடம் சொல்லிவிட்டார். அவர் ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்.

ஃபாதர் என் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம் ஒம்பதாம் கிளாசும் நீங்களே எடுங்க டீச்சர்" என்றார். "நானும் வந்து இருக்கேன். முன்பெஞ்சுல."

அமுக்க ரிமோட் இல்லாத பிள்ளைகள் டெஸ்க்கைத் தட்டித் தீர்த்தார்கள்.