மூடுகிற கடையில் வாங்கிய பை

வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில், 'கடை காலி, பாதி விலை' என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள். நேற்று அந்தக் கூட்டத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். வாங்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் நிஜமாகவே மலிவாகக் கிடைக்குமா என்று நீங்கள் கேட்டால், கிடைக்கும் என்பேன். ஏன் மலிவு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு.

ஐம்பதுகளில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில், சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்காதவன், அங்கே நாலு வருஷம் மாட்டிக்கொண்டேன். சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்றது. அதற்கு எண்ணெய் போட்டால் ஆறும். மூக்கு போனதுதான் எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் அடுப்பில் கஞ்சி கருகி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து சொன்ன பிறகு தெரிந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

என் தோஸ்த் காதர் மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தான். எனக்கும் இடம் பேசிவிட்டதாக ஆள் அனுப்பினான். துணி கொண்டுபோக ஒரு பை வேண்டும். அந்த வாரம் பஜாரில் ஒரு தோல் சாமான் கடையை மூடுகிறார்கள் என்று ஊரே அங்கே போனது. நான் போனபோது நல்லதெல்லாம் தீர்ந்து, பித்தளைப் பூட்டு வைத்த ஒரு பை மட்டும் கிடந்தது. விலை ரொம்பக் கம்மி. கடைக்கார பாய் யோக்கியமான மனுஷன்.

"மோந்து பாத்துக்கோ தம்பி. அப்புறம் எடுத்தாந்தா கடையும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்."

மூக்கில் வைத்து, எல்லாம் தெரிந்தவன் போல இழுத்துப் பார்த்து, சரி என்றேன்.

ரயிலில் சாரல் அடித்தது. என் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கால் நீட்ட இடம் கிடைத்ததே என்று சுகமாகத் தூங்கினேன்.

"இன்னாடா இது, செத்த ஆட்டத் தூக்கினு வந்துக்கிற?" என்றான் காதர். சரியாகப் பதனிடாத தோல், ஈரம் பட்டதும் அழுக ஆரம்பித்திருந்தது. பையைத் தூக்கி எறிந்துவிட்டு, அவனுடைய சட்டையைக் கொடுத்தான். பை தொலைந்தது, மூக்கு அப்படியே இருந்தது. மறுநாள் ஊசிப்போன கூட்டை ஒரு பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டேன். முதலாளி மத்தியானமே கணக்கு முடித்து அனுப்பினார்.

காதர் ஸ்டேஷன் வரை வந்தான்.

"ஒனக்கு வாசனையே தெரியலன்னு ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ இடம் பேசியிருப்பியா?"

அவன் போய் எனக்கு ஆம்பூருக்கு டிக்கெட் எடுத்து வந்தான்.

நாலாம் நாள், குழி மேட்டில் நின்ற கம்பெனி மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்துட்டியா? எறங்கு" என்றார். இன்னும் ஒன்பது வருஷம் இறங்கினேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அன்றைக்கெல்லாம் ரயில் அந்தப் பக்கம் வந்தாலே ஜன்னலைச் சாத்துவார்கள், அப்படியொரு நாற்றம், இப்போது அது போயே போய்விட்டது என்று பழைய ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். வந்த புதிதில் எனக்கும் அது தெரிந்திருக்கும். எப்படி இருந்தது என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.